விசாவுக்கு முந்திய பிளக்ஸ்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றது. ஐந்தாவது என் கொழுந்தன் மகன், தாயில்லாப் பிள்ளை, நடை பழகுமுன்பே என் இடுப்பில் ஏறியவன். ஐந்து பேரை வளர்த்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பை ஊருக்குள் பரப்பியவள் நான்தான்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் திருப்பனந்தாள் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுகிறாள். பேசியவர்கள் பேச்சை மட்டும் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன்.

இவளுடைய அம்மா, என் கடைசி மருமகள், கணக்கு டீச்சர். பக்கத்து டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். என் கடைசி மகன் விவசாயம். கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை. வானமும் ஆறும் ஒழுங்காக இருந்த வருஷத்தில் அவன் சம்பாத்தியம். இல்லாத வருஷத்தில் அவள் சம்பளம். கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம், "நம்ம வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போனதில்லம்மா" என்று சொன்னேன். "நீங்க நடவுக்குப் போனது என்ன அத்தை, வேடிக்கை பாக்கவா?" என்றாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இவளிடம் வாய் கொடுத்தால் ஜெயிக்க முடியாது என்று. இன்னும் தெரிந்தபாடில்லை.

சம்பா அறுவடை முடிகிற நேரம். ஒரு நாள் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, அமெரிக்காவுல பள்ளிக்கூடங்கள்ல கணக்கு டீச்சர் கிடைக்கலையாம். வெளிநாட்டுலேர்ந்து விசா குடுத்து எடுக்குறாங்க. சென்னையில ஒரு ஏஜென்சி மூலமா எழுதிப் போட்டிருந்தேன். இன்டர்வியூ வந்திருக்கு."

"அவ்ளோ பெரிய நாட்டுல கணக்குப் படிச்சவங்க இல்லையா?"

"படிச்சவங்க இருக்காங்க. வாத்தியார் வேலைக்கு வரமாட்டேங்கிறாங்க."

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் வயலிலும் அதே கதைதானே. ஊரில் ஆள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். நடவுக்கு வரமாட்டார்கள். சில வருஷமாக வங்காளத்துப் பக்கமிருந்து ஆட்கள் வந்து நட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு மேஸ்திரி கூட்டிவருவான். மோட்டார் கொட்டகையில் தங்கி, உருளைக்கிழங்கு வேக வைத்துத் தின்று, வேலை முடிந்ததும் ரயிலேறிவிடுவார்கள். நான் வரப்பில் நின்றுகொண்டு, நம்ம ஊர் நாற்றின் அருமை இந்த வடக்கத்தி ஆட்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு பாட்டம் புலம்புவேன். அவர்களுக்கு என் பேச்சு புரியாது என்பது எனக்கு வசதி.

"அதேதான் அத்தை" என்றாள் மருமகள். "ஏஜென்சிதான் மேஸ்திரி. மூணு வருஷத்துக்கு விசா. நான்தான் வடக்கத்தி ஆள்."

எனக்கு அது பிடிக்கவில்லை. "நீ டீச்சரு. நீ என்ன சேத்துலயா எறங்கப் போறே?"

"ஏழாம் கிளாஸ் எடுக்கணும் அத்தை. சேறே தேவலாம்."

இன்டர்வியூ செல்போனிலேயே நடந்தது. அவர்களுக்குக் காலை, நமக்குச் சாயங்காலம். வீட்டில் சிக்னல் கிடைப்பது நெல் மூட்டை அடுக்கியிருக்கும் அறையில்தான். மூட்டைகளின் மேல் என் பூப்போட்ட போர்வையைப் போர்த்தி, அதன் முன்னால் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தாள். யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு. யாரும் என்றால் நான்தான். என் மகன் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

நான் வாசற்படியில் நின்று எட்டிப்பார்த்தேன். போனுக்குள் இருந்த வெள்ளைக்கார அம்மா, தலைமையாசிரியையாம், என்னைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மருமகள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையைப் பேத்தி எழுத வேண்டாம். நான் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தேன். அந்த அம்மாவும் கை கூப்பினார்.

அத்தோடு காரியம் முடிந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். என் ஐந்து பிள்ளைகளுக்கும் வரன் பேசியவள் நான். பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து நாலு கேள்வி கேட்பார்கள்; பெரியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கை கூப்பிவிட்டால் பேச்சு முடிந்தது. வேறென்ன இருக்கிறது? அதே மாதிரி ஒரு வாரத்தில், உங்களை எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்து கம்ப்யூட்டரில் தகவலும் வந்தது. அது நிச்சயதார்த்தம். நிச்சயம் ஆனபின் ஊருக்குச் சொல்வதுதானே முறை?

"இன்னும் விசா வரணும் அத்தை. சென்னையில தூதரகத்துல கூப்புடுவாங்க. அவங்க சரின்னாத்தான் சரி" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். கல்யாண மண்டபம் கிடைக்க வேண்டும் என்பதுபோல அது என் காதில் விழுந்தது. கிடைக்காமலா போகும்.

என் ஐந்தாவது பிள்ளை கும்பகோணத்தில் பிளக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறான். எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் பிளக்ஸ் வைப்பார்கள். கிடாரிக் கன்று வாங்கியதற்கு வைத்தவனும் உண்டு. என் மருமகள் அமெரிக்கா போகிறாள், சும்மா இருப்பதா? அவனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணிகிட்ட கேட்டியா பெரியம்மா?"

"அவகிட்ட என்னத்துக்குக் கேக்கணும். பாத்துச் சந்தோசப்படட்டும்."

"போட்டோ?"

"அவ போட்டோ உன் போன்லயே இருக்கும். என் போட்டோவும் ஒண்ணு போடு. சின்னதா போடு."

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கட்டிவிட்டுப் போனான். நான் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய கோயில் கோபுரம், மறுபக்கம் தீவட்டி பிடித்த சிலை, நடுவில் விமானம். "அமெரிக்க அரசுப் பள்ளியில் கணிதப் பேராசிரியையாகப் பணியாற்றச் செல்லும் எங்கள் குலவிளக்கை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." இது நான் எழுத்துக்கூட்டியது இல்லை, டீக்கடைக்காரர் படித்துச் சொன்னார். பேராசிரியை என்பது அவன் தானாகச் சேர்த்தது. படத்தில் மருமகள் விமானத்தின் இறக்கைக்குக் கீழே தபால்தலை அளவில் இருந்தாள். நான் கும்பிட்டபடி கோபுர உயரத்துக்கு நின்றேன். அதுவும் என் அறுபதாம் வயதுப் படம். சின்னதாகப் போடு என்று நான் சொன்னதை அவன் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. மரியாதைக்குத்தான் சொன்னேன்.

மருமகள் அன்று காலை அதன் எதிரில் நின்றுதான் பஸ் ஏறினாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, பஸ் ஸ்டாப்ல பெருசா நிக்கிறது யாரு?"

"நான்தான்."

"நல்லாருக்கீங்க. அமெரிக்காவுக்கு நீங்க போற மாதிரியும், நான் உங்கள வழியனுப்ப வந்த மாதிரியும் இருக்கு."

பிறகு அவள் முகம் மாறியது. "நான் இன்னும் ஸ்கூல்ல சொல்லல அத்தை. விசா கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். கரஸ்பாண்டன்ட் சார் தெனமும் அந்த வழியாத்தான் வயலுக்குப் போவாரு."

"எடுத்துருவோமா?" என்றான் மகன்.

"வச்ச அன்னைக்கே எடுத்தா ஊரு என்னப்பா நெனைக்கும்?" என்றேன். பிளக்ஸ் இருந்தது.

திங்கட்கிழமை அந்தத் தாளாளர், கரஸ்பாண்டன்ட் சார், அவளைக் கூப்பிட்டாராம். சத்தம் போடவில்லையாம். வருகிற வருஷம் அவளுக்குப் பதிலாக வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னாராம். அவளும், விசா இன்னும் வரவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அமெரிக்கா கூப்புடுது, நாங்க குறுக்க நிக்கலாமாம்மா" என்றிருக்கிறார். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் எல்லா டீச்சர்களையும் நிற்கவைத்து, சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெறுமனே வேலையை விட்டு எடுத்தால் கோபப்படலாம். சால்வை போர்த்தி எடுத்தால் கும்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

ஆக, இங்கே இருந்த வேலையும் போயிற்று. அங்கே வேலை வரவில்லை. அவள் அந்தப் பள்ளியில் இருந்ததால், அங்கேயே படிக்கிற பேத்திக்குப் பீஸில் பாதி தள்ளுபடி இருந்தது. பள்ளி திறந்தால் அதுவும் கிடையாது. எல்லாம் அந்த விசா ஒன்றில் வந்து நின்றது.

வைகாசியில் சென்னைக்குப் போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரி, மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வருவீர்களா என்று கேட்டாராம். மகள் இங்கே, புருஷன் இங்கே, நிலம் இங்கே, வராமல் எங்கே போவேன் என்று சொன்னாளாம். மாமியார் இருப்பதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள் என்றாள். கையில் ஒரு தாளைக் கொடுத்து, இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, தகவல் வரும் என்று அனுப்பிவிட்டார்கள்.

தகவல் வரவில்லை. ஊர் வந்தது.

"என்னக்கா, என்னைக்கு பிளைட்டு?"

"அங்க இப்ப குளிராம். குளிர் கொறையட்டும்னு இருக்கா."

வீட்டுக்குள் வந்ததும் மருமகள் சொன்னாள்: "அங்கயும் இப்ப வெயில் காலம்தான் அத்தை. பொய் சொல்றதா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க."

பஸ் நிறுத்தத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன். கடைக்கென்றால் மண்ணியாற்றங்கரையோடு சுற்றிக்கொண்டு போனேன். முழங்கால் வலிக்காரி. ஒரு பொட்டலம் காப்பித்தூளுக்கு ஊரை ஒரு பிரதட்சணம் வந்தேன். அங்கே பிளக்ஸில் இருந்தவளோ மழையிலும் வெயிலிலும் சிரித்துக்கொண்டு எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தேடினார்கள்.

மருமகள் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. காலையில் எழுந்து பழக்கதோஷத்தில் தலை பின்னி, பின் குத்தி, மணியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பள்ளி திறந்தது. பேத்தி வந்து சொன்னாள், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லை என்று. ஒருத்தர் வந்தாராம், ஒரு வாரத்தில் பாங்கு வேலை கிடைத்துப் போய்விட்டாராம். இன்னொருத்தர் சம்பளம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவே இல்லையாம். கணக்கு நேரத்தில் விளையாட்டு சார் வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்கிறாராம். அமெரிக்காவில் மட்டும்தான் ஆள் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாளாளர் தானாக அவளைக் கூப்பிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் கூப்பிடமாட்டேன். எனவே நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பீரோவில் இருந்த சால்வையை எடுத்து மஞ்சள்பையில் வைத்துக்கொண்டேன்.

தாளாளர் எழுந்து நின்றார். "வாங்கம்மா. உங்கள தெனமும் ரோட்ல பாக்குறேன்."

"அதப் பத்தித்தான் பேச வந்தேன்" என்று சால்வையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது? சால்வைய யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா?"

"போறவங்களுக்குத்தான சால்வை. எம் மருமக இன்னும் போகல. விசா வரல. பிளக்ஸ் வச்சது அவ இல்ல, நானு. அவளுக்குத் தெரியாது. போறதுக்கு முந்தி நீங்க மரியாதை பண்ணிட்டீங்க, அதுக்கும் முந்தி நான் பண்ணிட்டேன். ரெண்டு பேரும் அவசரப்பட்டுட்டோம்."

அவர் சால்வையை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். "எனக்கு டீச்சர் மேல கோவம் இல்லம்மா. உங்க பிளக்ஸ் மேலதான். அதப் பாத்துட்டு எங்க ஸ்கூல்ல இன்னும் ரெண்டு டீச்சர் அந்த ஏஜென்சி நம்பர் கேட்டு அலையுறாங்க. இங்கிலீஷ் டீச்சர் ஒண்ணு, சயின்ஸ் டீச்சர் ஒண்ணு. நீங்க வாழ்த்தி வச்சிருக்கீங்களா, வெளம்பரம் வச்சிருக்கீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அந்தச் சிரிப்பு வெளியே வந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

"விசா வர்ற வரைக்கும் வரச் சொல்லுங்க" என்றார். "நாளைக்கே வரட்டும். பிள்ளைக்குப் பழைய பீஸே இருக்கட்டும். ஆனா அந்த பிளக்ஸ் இருக்கக்கூடாது."

"இன்னைக்கே எடுத்துடுறேன்."

"சால்வைய எடுத்துட்டுப் போங்க."

"வேணாம். அவ நெசமா போறப்ப போத்துங்க" என்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வீறாப்பாவது எனக்கு மிஞ்சட்டும் என்றுதான்.

பிளக்ஸை மகனை விட்டு இருட்டின பிறகு எடுக்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் வைத்தவள் நான், ஊர் பார்க்கத்தான் வைத்தேன். பஸ் வருகிற நேரத்துக்கே போனேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தர், "என்ன பெரியம்மா, அமெரிக்கா வேணாம்னுட்டாங்களா?" என்றார்.

"விசா இன்னும் வரல தம்பி. நான்தான் முந்திக்கிட்டேன். செத்த ஏணியப் புடி."

இரண்டு பேர் பிடித்தார்கள், ஒருத்தர் ஏறி அறுத்தார். என் மூக்கு மடங்கி, பிறகு நெற்றி மடங்கி, நான் கீழே வந்து சேர்ந்தேன். யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. இதைச் சொல்ல இத்தனை நாள் ஆற்றங்கரையைச் சுற்றினேனே என்று என் முழங்கால்தான் என்னைத் திட்டியது. நல்ல கனமான பிளக்ஸ். மகன் வைக்கோல் போரின் மேல் போட்டுக் கட்டினான். வாசல் பக்கம் தெரியாமல் படத்தை மாட்டுக் கொட்டில் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னேன். மாட்டுக்குத்தான் இப்போது நான் சிரிக்கிறேன்.

மருமகளிடம் சால்வை விஷயத்தைச் சொன்னபோது அவள் கையில் சாக்பீஸ் டப்பா. "கரஸ்பாண்டன்ட் சார்கிட்டயேவா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி போட்டாள். அது என் வேலை. அன்றைக்கு அவள் போட்டாள்.

ஆடி மாதத்தில் விசா வந்தது. ஆடியிலா கிளம்புவது என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். இந்த முறை அவள் முதலில் போய்ச் சொன்னது தாளாளரிடம். "உங்களுக்கு ஆள் கெடைக்கிற வரைக்கும் இருக்க முடியாது சார், ஆனா கிளம்புற அன்னைக்கு வரைக்கும் வர்றேன்" என்றாளாம். திருவிடைமருதூரில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவள் போய்ப் பேசி, வாரத்தில் பாதி நாள் வர ஒப்புக்கொள்ள வைத்தாள். மீதி நாளுக்கு என்ன செய்வது என்று தாளாளருக்குத் தெரியவில்லை. "அடுத்த வருஷம் நானும் வடக்கேர்ந்துதான் டீச்சர் கொண்டாரணும் போல" என்றாராம். அவர் சிரிக்கவில்லை என்று மருமகள் சொன்னாள்.

அவள் கிளம்பும் வரை நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய வேலையை யாரும் கொடுத்ததில்லை. காய்கறிக்காரியைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளைப் பார்த்தால் எனக்கு வாய் நிற்காது. விடியுமுன் கார் வந்தது. ஒரு பெட்டி, ஒரு பை, ஊறுகாய். இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் காலைத் தொட்டபோது, "போயிட்டு வாம்மா, அவங்க பிள்ளைங்களையும் நம்ம பிள்ளைங்க மாதிரி வெரட்டிப்புடாத" என்றேன். நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அதுதான் வந்தது.

காலையில் ஊருக்குச் செய்தி தெரிந்ததும் எல்லாருக்கும் கோபம். "போகாதப்ப பிளக்ஸ் வச்சே, போறப்ப ஒரு வார்த்தை சொல்லலியே" என்று எதிர்வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் போன் வருகிறது. அங்கே அவள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம். பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து இதே மாதிரி வந்த இரண்டு டீச்சர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவர்களும் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்தானாம். மூன்று பேரும் சேர்ந்து சோறு வடிக்கிறார்கள். பிள்ளைகள் மோசமில்லை, அவள் பேச்சுத்தான் முதலில் புரியவில்லை என்றார்களாம், இப்போது பரவாயில்லையாம். வரப்பில் நின்று புலம்ப அங்கே யார் இருக்கிறார்களோ, அதை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் குரல் ஒரு மாதிரி இருந்தது. என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை. அந்த பிளக்ஸ் கதைய மொதல்லேர்ந்து ஒருக்காச் சொல்லுங்களேன். இல்ல, அவகிட்டச் சொல்லி எழுதி அனுப்புங்க. பஸ்ல படிச்சுக்கிட்டே போவேன்" என்றாள். அதனால்தான் இதையெல்லாம் சொன்னேன். ஊருக்கு முன்னால் இறங்கி வந்ததை எழுத்திலும் இறக்கி வைப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். அவள் சிரித்தால் சரி.

அவ்வளவுதான். நீ பேனாவை வை. முதலிலிருந்து ஒரு தடவை சத்தமாகப் படி, கேட்கிறேன். வேகமாகப் படிக்காதே, எங்கேயும் போகவில்லை நாம். உன் அம்மா அழுத இடத்தில் நின்றுவிடாமல் படி.